ஒரு ரூபா நோட்டுல நின்ன ரிக்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நம்ம பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புல ஒரே ஒரு வரி வந்துச்சு, ஒர்க்‌ஷாப் சார் தவறிட்டாங்கன்னு. அவர் பேரப் போட்டிருந்தா பாதிப் பேருக்கு யாருன்னே புரிஞ்சிருக்காது. நான் அப்ப சிங்கப்பூர்ல பூன் லே ரயில் ஸ்டேஷன் கிட்ட பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தேன், ரெண்டு பஸ் வந்து போயிருச்சு, ஏறல. மறுநாள் காலையில தேக்காவுல நம்ம பழைய மாணவர் சங்கத்து கூட்டம், சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கண்ணேன்னு செயலாளர் தம்பி ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்காரு, சரிப்பா இந்த தடவை எழுதுறேன்னு சொன்னேன். சாருக்கு நான் எழுத வேண்டிய கடிதம் ஒண்ணு நாப்பது வருஷமா பாக்கி இருக்கு, அதத்தான் எழுதப்போறேன்.

ரெண்டாவது ஷெட்டு, ஏழே முக்கால் பெல்லு, காயாத காக்கியோட ஓடி வந்து லைன்ல நிக்கிறது, ஜர்னல் கையெழுத்துக்கு சார் டேபிள சுத்தி மொய்க்கிறது, மத்தியானம் பாய் கடை பரோட்டா. அந்த ஷெட்டோட கதவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வலது பக்க கதவுல ஒரு ஆணி, அந்த ஆணியில ஒரு கம்பி, கம்பியில தொங்குன ரெண்டு துண்டு இரும்பு. 79 முதல் 82 வரைக்கும் படிச்சவங்க எல்லாரும் அதப் பாத்திருப்பீங்க, சாக்பீஸ்ல 28ன்னு எழுதியிருக்கும். அந்த 28 நான்தான்.

1980, எனக்கு அது ரெண்டாவது செமஸ்டர். டி ஜாயிண்ட் ஃபில்லட் வெல்டு, அதாவது டி எழுத்து மாதிரி ரெண்டு இரும்ப நிறுத்தி மூலைய உருக்கி ஒட்டுறது, எல்லாரும் ஆளுக்கொண்ணு போட்டு கொடுக்கணும். எனக்கு கை நல்லா வரும், எங்க மாமா நாகப்பட்டினத்துல படகுகளுக்கு இரும்பு வேல பாத்தவரு, சின்ன வயசுலேந்தே ஹோல்டர புடிச்சிருக்கேன். அன்னைக்கு நான் போட்ட வெல்டு மீன் செதில அடுக்கி வச்ச மாதிரி வந்துச்சு, பசங்க சுத்தி நின்னு பாத்தாங்க, எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு. சார் வந்தாரு, கையில எடுத்து திருப்பி திருப்பி பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, வைஸ்ல கடிக்கவிட்டாரு, நாலு கிலோ சுத்தியல எடுத்து ஒரே போடு. ரெண்டா விழுந்துச்சு. உள்ள பாத்தா மூலையில உருகவே இல்ல, மேல மட்டும் ஓடியிருக்கு, நடுவுல ஸ்லாக், வெல்டிங் கசடு, கறுப்பா உக்காந்திருக்கு.

"பாக்க லட்சணமா இருக்கு, உள்ள ஒட்டவே இல்ல. இது மேல ஒருத்தன் ஏறி நின்னான்னா அவன் பொண்டாட்டிக்கு நீயாடா பதில் சொல்லுவ?"

அறுபது பேரு முன்னாடி. நான் வாயே திறக்கல. அதோட விட்டிருந்தா மறந்திருப்பேன், ஆனா அவர் அந்த ரெண்டு துண்டையும் கம்பியில கட்டி கதவுல தொங்கவிட்டாரு, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் அது இறங்கல. தினமும் காலையில அதைத் தாண்டித்தான் உள்ள போகணும், ஜூனியர் பசங்க யாரு இந்த 28ன்னு கேப்பானுங்க. இன்னைக்கும் சொல்றேன், அது சரியில்ல. பதினேழு வயசு பையனுக்கு ஒரு தடவை உடைச்சு காட்டினா போதும், ரெண்டரை வருஷம் தொங்கவிட்டிருக்க வேண்டாம். அவர் மேல வெறுப்புன்னா வெறுப்பு, அப்படி ஒரு வெறுப்பு எனக்கு.

அப்புறம் 82ல சிங்கப்பூர்ல கப்பலும் ரிக்கும் கட்டுற யார்டுக்கு ஆள் எடுத்தாங்க, வெல்டர் டெஸ்ட்ல பாஸாயி ஒர்க் பெர்மிட் வந்துச்சு. சர்டிபிகேட் வாங்க காலேஜுக்கு போன அன்னைக்கு சார் ஷெட்டு வாசல்ல நின்னாரு, கூப்பிட்டாரு. சட்டைப் பையிலேந்து புது ஒரு ரூபா நோட்டு ஒண்ண எடுத்து பின்பக்கத்த காட்டினாரு. கடல்ல ஒரு ரிக், எண்ணெய் தோண்டுற மேடை, நிக்கிற படம். "இது சாகர் சாம்ராட். 74ல பம்பாய்க்கு வெளிய கடல்ல, பாம்பே ஹைல எண்ணெய் கண்டுபுடிச்சது இதுதான். ஜப்பான்காரன் கட்டுனது. இது நிக்கிற இந்தக் கால்கள எப்படிடா வெல்டு பண்ணியிருப்பான்? நான் பாத்ததில்ல. நீ பாக்கப் போற. பாத்துட்டு எனக்கு எழுது" அப்படின்னு நோட்ட கையில திணிச்சாரு. கதவுல அப்பவும் 28 தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சரிங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நான் வந்து நாலாவது மாசம், 1983 ஜனவரி 29, சனிக்கிழமை சாயங்காலம், எனிவெடோக்னு ஒரு எண்ணெய் தோண்டுற கப்பல கெப்பல் வார்ஃப்லேந்து இழுத்துக்கிட்டு போகும்போது அதோட டெரிக், தோண்டுற கோபுரம், செந்தோசா கேபிள் கார் கம்பியில மாட்டிக்கிச்சு. ரெண்டு பெட்டி கடல்ல விழுந்துச்சு, 7 பேரு செத்துட்டாங்க, இன்னும் 13 பேரு மத்த பெட்டிங்கள்ல ராத்திரி பூரா அந்தரத்துல, ஹெலிகாப்டர்ல ஒவ்வொருத்தரா இறக்குனாங்க. எங்க டார்மிட்டரியில யாரும் தூங்கல, ஒரே ரேடியோவ சுத்தி உக்காந்திருந்தோம். அந்த வாரமே சாருக்கு ஏரோகிராம் போட்டேன், ரிக்கோட கால பத்தி இல்ல, இந்த விபத்த பத்தி. பதில் வந்துச்சு, ரெண்டே வரி. "டெரிக் எவ்வளவு உயரம், கம்பி எவ்வளவு உயரம்னு கெளம்புறதுக்கு முன்னாடி அளந்து பாக்கிற வேலை யாருது? காலப் பத்தி ஏன் எழுதல?"

ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் போடவே இல்ல. அப்ப எனக்கு தெரியாது, நான் இருந்தது பைப் செக்‌ஷன்ல. தெரிஞ்சதுக்கு அப்புறமும் எழுதல, அதான் விஷயம்.

85ல என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாத்தினாங்க. கப்பலையும் ரிக்கையும் சோதிச்சு சான்று குடுக்கிற கிளாஸ் சொசைட்டிலேந்து நார்வேகாரர் ஒருத்தர் சர்வேயரா வருவாரு, வயசானவரு, அதிகம் பேச மாட்டாரு. ஒரு நாள் ஒரு பிரேஸ்ல, கால்கள இணைச்சுத் தாங்குற குழாய்ல, யாரோ கேபிள் தாங்கறதுக்கு சின்னதா ஒரு பிராக்கெட்ட ஒட்டிட்டாங்க, டிராயிங்ல இல்லாதது. அவர் வேலைய நிறுத்திட்டு எங்க எல்லாரையும் உக்கார வச்சாரு. 1980 மார்ச் 27, வட கடல்ல எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் பக்கம் அலெக்ஸாண்டர் கீலாண்ட்னு அஞ்சு கால் மிதவை ரிக், தொழிலாளிங்க தங்குறதுக்கு வச்சிருந்தது, சாயங்காலம் ஒரு கால் பிச்சிக்கிட்டு போயி அரை மணி நேரத்துக்குள்ள கவுந்துருச்சு. 212 பேர்ல 123 பேரு செத்துட்டாங்க. விசாரிச்சா, ஒரு பிரேஸ்ல ஹைட்ரோஃபோன், தண்ணிக்குள்ள சத்தம் கேக்கிற கருவி, வைக்கிறதுக்காக ஒட்டுன சின்ன பீஸு, அதச் சுத்தி போட்ட வெறும் 6 மில்லிமீட்டர் ஃபில்லட் வெல்டு, அங்கதான் விரிசல் தொடங்கியிருக்கு. அலை அடிக்க அடிக்க கொஞ்சம் கொஞ்சமா வளந்து பிரேஸையே சுத்தி வந்துருச்சு, அது போனதும் பாரம் மத்த பிரேஸுங்க மேல விழுந்து ஒண்ணொண்ணா உடைஞ்சிருச்சு. மார்ச் 1980. நான் ரெண்டாவது ஷெட்டுல மீன் செதில் மாதிரி ஃபில்லட் போட்ட அதே வருஷம். அன்னைக்கு அந்த சர்வேயர் பேசி முடிச்சதும் நான் டாய்லெட்டுக்கு போயி கதவ சாத்திக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னேன்.

அன்னைக்கு ராத்திரியே சாருக்கு எழுதியிருக்கணும்.

இந்தத் தொழில ஆரம்பிச்சவங்க கதையெல்லாம் அப்புறம்தான் தேடித் தேடி படிச்சேன், ஒவ்வொண்ணு படிக்கும்போதும் இத சார்கிட்ட சொல்லணும்னு தோணும். 1947ல லூசியானாவுக்கு வெளிய, கரையே கண்ணுக்குத் தெரியாத இடத்துல முதல் முதலா கெர்-மெக்கீ கம்பெனி கிணறு போட்டுச்சு, அங்க தண்ணி ஆழம் 6 மீட்டர்தான் இருக்கும், நம்ம கோயில் குளம் கொஞ்சம் ஆழமான மாதிரி, ஆனா திரும்பிப் பாத்தா கரை கிடையாதே, அந்த தைரியத்த யோசிங்க. ஆல்டன் லபோர்ட்னு ஒருத்தர், நேவியில இருந்தவரு, இடத்துக்கு இடம் கொண்டுபோயி தண்ணிய நிரப்பி அடியில உக்கார வச்சு தோண்டிட்டு, திரும்ப மிதக்கவிட்டு எடுத்துக்கிட்டு போற ரிக்க யோசிச்சாரு. அவர் வேல பாத்த எடத்துல எடுபடல, வெளிய வந்து வேற ஆளப் புடிச்சு பணம் திரட்டி 1954ல மிஸ்டர் சார்லின்னு கட்டிட்டாரு, பணம் போட்டவரோட அப்பா பேரு அது. புரூஸ் காலிப் ஷெல் எண்ணெய்க் கம்பெனியில இஞ்சினியர், அடியில உக்காராம பாதி முங்குன நிலையில இருக்கும்போது ரிக் ஆடுறது ரொம்ப கம்மியா இருக்கேன்னு கவனிச்சாரு. அலையோட பலம் மேல்தண்ணியிலதான், மிதக்க வைக்கிற பெரிய உடம்ப கீழ தள்ளிட்டு மெலிசான தூண மட்டும் அலையில நிக்கவிட்டா கடல் அத அசைக்கிறது கம்மி. அதுலேந்து வந்ததுதான் புளூ வாட்டர் 1, முதல் செமி, அதாவது பாதி முங்கி மிதக்கிற ரிக்.

ஆனா சாருக்கு புடிச்சிருக்கக் கூடியவரு லெட்டூர்னோ. பதினாலு வயசுல பள்ளிக்கூடத்த விட்டவரு, பட்டறையில வேல கத்துக்கிட்டு மண் அள்ளுற மெஷினு செஞ்சவரு, மத்தவங்கல்லாம் ரிவெட் அடிச்ச காலத்துல வெல்டிங்க நம்புனவரு. மூணு காலு, கம்பிக்கூடு மாதிரி காலு, ஒவ்வொண்ணுலயும் பல்லு, பல்லுல ஏறி இறங்குற மோட்டார் சக்கரம், இப்படி ஒரு ரிக்க வரைஞ்சு 1956ல சபாட்டா கம்பெனிக்கு குடுத்தாரு, பேரு ஸ்கார்ப்பியன். அந்தக் கம்பெனிய நடத்துன புஷ்தான் பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனவரு. இன்னைக்கு இங்க துவாஸ்ல நீங்க பாக்கிற ஜாக்-அப், இப்படி கால இறக்கி நிக்கிற ரிக்குங்க, எல்லாம் அந்த ஸ்கார்ப்பியனோட பேரப் பிள்ளைங்க. லெட்டூர்னோ பேர்லயே ஜூரோங்குல யார்டு இருந்துச்சு. 1967ல தொடங்கி ஃபார் ஈஸ்ட் லெவிங்ஸ்டன்னு பேரோட இருந்த யார்டு கெப்பல் ஃபெல்ஸ் ஆகி, இப்ப செம்ப்கார்ப் மரீனோட சேந்து 2023லேந்து சீட்ரியம். இந்த சின்னத் தீவுல எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது, ஆனா உலகத்துல எங்க கடல்ல ஜாக்-அப் நின்னாலும் அதுல நம்ம ஆளுங்க வேர்வை இருக்க வாய்ப்பு அதிகம், மன்னார்குடி, பரங்கிப்பேட்டை, அறந்தாங்கின்னு எங்கெங்கேந்தோ வந்து ராத்திரி ஷிஃப்டுல கால் மேல ஏறி நின்னவங்க. பேரு எங்கயும் இருக்காது.

ஏன் எழுதலன்னு கேட்டா என்ன சொல்றது. ஓவர்டைம், தங்கச்சி கல்யாணம், அப்புறம் என் கல்யாணம், பிள்ளைங்க, ஃப்ளாட்டு, ஊருக்குப் போனா பத்து நாள்ல பதினஞ்சு வீடு. ஒரு தடவை, 94 இருக்கும், பஸ் ஸ்டாண்டுல சார தூரத்துல பாத்தேன், சைக்கிள்ல காய்கறிப் பை. கிட்ட போகல. அந்த ரெண்டு துண்டு இரும்பு மனசுல அப்பவும் தொங்கிக்கிட்டிருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் நம்ம ஊருப் பக்கம் பனங்குடியில ரிஃபைனரி வந்திருந்துச்சு, காவிரிப் படுகையிலயே ஓஎன்ஜிசி எண்ணெய் எடுத்துக்கிட்டிருந்தான். நம்ம பேட்ச்ல நாலஞ்சு பேரு அங்க வேலைக்கு சேந்து, சாயங்காலம் சார் வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசிட்டுப் போவாங்களாம். நான் எண்ணெயத் தேடி இங்க வந்தேன், எண்ணெய் எங்க வீட்டு வாசல்ல இருந்திருக்கு. 2014க்கு அப்புறம் எண்ணெய் விலை விழுந்து, கட்டி முடிச்ச ரிக்க வாங்க ஆள் வராம வரிசையா நின்னப்ப, கூட வேல பாத்த பசங்கள ஏர்போர்ட்டுல விட்டுட்டு வரும்போதெல்லாம் அந்த திண்ணைய நெனச்சுக்குவேன். எனக்கு பிஆர், நிரந்தரமா தங்குற உரிமை, இருந்துச்சு, நான் தங்கிட்டேன்.

சார் பொண்ணுக்கு ஃபோன் பண்ணேன். அப்பாவுக்கு கடைசி வரைக்கும் ஞாபகம் நல்லா இருந்துச்சுண்ணேன்னு சொன்னாங்க. ஷெட்ட இடிச்சு எட்டு வருஷம் ஆச்சாம். கதவ பத்தி நான் கேக்கல.

சார், வணக்கம். சாகர் சாம்ராட் கால நான் பாத்ததில்ல, இங்க நாங்க கட்டுன கால்கள பத்தித்தான் எழுத முடியும். கால்ல முக்கியமான தண்டுக்கு கார்டுன்னு பேரு. நடுவுல 5 இஞ்சுலேந்து 7 இஞ்சு தடிமன்ல ஒரே பிளேட்டு, அதுலதான் பல்லு வெட்டியிருக்கும். ரெண்டு பக்கமும் பாதிக் குழாய் மாதிரி வளைச்ச பிளேட்டு வச்சு மூடி வெல்டு பண்ணுவோம். சாதா இரும்பு மாதிரி கிட்டத்தட்ட மூணு மடங்கு பலம் சார், 690 மெகாபாஸ்கல், அதனால கோவக்காரன், பச்சையா வெல்டு போட்டா வெடிச்சிரும். ஹீட்டர் பேட கட்டி 100 டிகிரிக்கு மேல சூடாக்கிட்டுத்தான் ஆர்க் அடிக்கணும், மழை வந்தாலும் சாப்பாட்டு பெல் அடிச்சாலும் சூட்ட இறங்க விடக்கூடாது. வெல்டிங் ராடு ஓவன்ல வெந்து வரும், சூடான டப்பாவுலேந்து ஒண்ணொண்ணா எடுத்துத்தான் போடணும், ராடுல ஈரம் ஏறிருச்சுன்னா வெல்டுக்குள்ள ஹைட்ரஜன் புகுந்துக்கும். ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு ஒரே வேகத்துல போடுவாங்க, ஒரு பக்கமா போட்டா இழுத்துக்கிட்டு பல்லு வரிசை மாறிரும், மோட்டார் சக்கரம் ஏறாது. மூலையில உருகியிருக்கான்னு முதல் ரன்ன போட்டதும் பாப்போம் சார், நான் குனிஞ்சு டார்ச் அடிச்சு பாப்பேன், அழகா இருக்கான்னு பாக்க மாட்டேன். முடிஞ்ச உடனே டெஸ்ட் கிடையாது. 48 மணி நேரம் காத்திருக்கணும், ஏன்னா உள்ள இருக்கிற விரிசல் ரெண்டு நாள் கழிச்சுக்கூட திறக்கும். அதுக்கு அப்புறம்தான் அல்ட்ராசோனிக், ஒலி அலைய விட்டு உள்ள பாக்கிற சோதனை, வைப்போம்.