ஒரே ஆளுக்கு இரண்டு எண்: பதினான்கு மாத அலைச்சல்

பக்கத்து வீட்டு அம்மாவின் அப்பாவுக்கு உரிய பாம்பர் கமாண்ட் கிளாஸ்ப் போன வாரம் தபாலில் வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்களுக்கு உரியது; பதக்கத்தின் ரிப்பனில் பொருத்தும் சின்ன உலோகப் பட்டை, அவ்வளவுதான். அது கைக்கு வர பதினான்கு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் வீணாய்ப் போன மாதங்கள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் லிங்கன் நகரில், பர்ச்வுட் குடியிருப்பில். போர்க்காலத்தில் இந்த இடம்தான் ஸ்கெல்லிங்தார்ப் விமானத்தளம். அந்த அம்மாவுக்கு 78 வயது. எங்கள் வீட்டுச் சாவி அவரிடமும் அவர் வீட்டுச் சாவி எங்களிடமும் இருக்கும். அவருடைய அப்பா இங்கிருந்துதான் 50-ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமான அணியின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராகப் பறந்தார். போருக்குப் பிறகு ஊரிலேயே ஒரு பட்டறையில் வேலை பார்த்து, 1991-இல் காலமானார். கிளாஸ்ப் வழங்கத் தொடங்கியதோ 2013-இல். பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் பேர். அதில் 55,573 பேர் திரும்பவில்லை. எரிந்த ஜெர்மன் நகரங்களை நினைத்து இவர்களைக் கௌரவிக்கத் தயங்கினார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இருபது வயதுப் பையன்களை அனுப்பிவிட்டு 68 வருஷம் பேசாமல் இருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

விண்ணப்பிக்க சர்வீஸ் எண் வேண்டும். பறந்த பயணங்களை அவர் குறித்து வைத்த லாக் புக் வீடு மாறியபோதே தொலைந்துவிட்டது. சரி, பதக்கத்தின் விளிம்பில் எண் இருக்கும் என்று பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. இரண்டாம் உலகப்போரின் ஸ்டார் பதக்கங்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்திருக்கிறது. அதில் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கடைசியில் ஒரு பழைய கடிதத்தில் ஏழு இலக்க எண் கிடைத்தது. அதைப் போட்டு அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து ஒரே வரியில் பதில்: இந்த விவரத்துக்குப் பொருந்தும் பதிவு இல்லை. போன் செய்தால், எடுத்தவர் அந்த வரியையே திரும்ப வாசித்தார். "வேறு எண் இருக்குமா?" என்று கேட்டதற்கு, "அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அந்த அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, "அப்படியென்றால் அப்பா அங்கே இல்லவே இல்லையா?" என்று கேட்டார். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

விஷயம் இதுதான். சார்ஜென்டாக இருந்தவர் அதிகாரியாகப் பதவி உயர்ந்தால் புதிய எண் கொடுப்பார்கள். அவர் 1944 கடைசியில் பைலட் ஆபீசர் (அதிகாரிப் பதவிகளில் கீழ்ப்படி ஒன்று) ஆனவர். இதைக் கண்டுபிடித்தது பிரிட்டிஷ் அரசின் அறிவிப்பிதழான லண்டன் கெஜட்டில். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயருக்கு முன்னால் பழைய எண், பின்னால் அடைப்புக்குறிக்குள் புதிய எண்! அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வேலியைத் தாண்டிக் கூப்பிட்டுக் காட்டினேன். உங்கள் வீட்டுப் பெரியவர் அதிகாரியானவர் என்றால் முதலிலேயே இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

மறுபடி அனுப்பினோம். மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் குடும்பப்பெயர், பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர். நடுவில் திருமணச் சான்றிதழ் இல்லை. மகள் விண்ணப்பித்தால் அதையும் சேர்த்தே வையுங்கள்.

இதற்கு நடுவே, உதவுவதாகச் சொன்ன ஒருவர் ஸ்குவாட்ரனின் பதிவேட்டை லண்டன் போய்த்தான் பார்க்க முடியும் என்றார். வயதானவரை ரயிலில் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் வரை கூட்டிப்போனேன். அங்கே எங்களைக் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். ஸ்குவாட்ரன் பதிவேடுகளின் 'ஏஐஆர் 27' வரிசையில் போர்க்காலப் பதிவுகள் காப்பகத்தின் தளத்திலேயே இருக்கின்றன, வீட்டிலிருந்தே தரவிறக்கலாம். போகவர செலவு, அவருடைய முழங்கால் வலி, எல்லாம் வீண்.

ஆனால் அந்தத் திரையில் பார்த்ததை மறக்க முடியாது. ஒவ்வோர் இரவுக்கும் விமானம், ஏழு பேரின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். பதினோரு இரவுகள் அதே ஏழு பேர். பன்னிரண்டாவது இரவில் வால் துப்பாக்கிக்காரரின் பெயர் மட்டும் மாறியிருந்தது. பழையவரின் பெயர் இன்னும் கொஞ்சம் கீழே, வேறொரு குழுவின் வரிசையில். அந்த விமானம் இறங்கிய நேரம் எழுதப்படவில்லை.

அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், அப்பா வீட்டில் கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லையாம். "விமானத்தில் எனக்குத்தான் சூடான இடம், வாலில் இருந்தவன் விறைத்துப்போவான்" என்பாராம். லங்காஸ்டரில் வெப்பக்காற்று வருவது வயர்லெஸ்காரர் பக்கத்தில்தான்.

சரியான எண் போன பிறகு மற்றதெல்லாம் சுலபம். 60 நாள் பணியும் ஒரு தாக்குதல் பயணமும் போதும். அவருடைய பதிவில் அதற்கு மேலேயே இருந்தது.

கிளாஸ்ப் வந்த மறுநாள் லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்துக்குப் போனோம். துரு நிற எஃகுச் சுவர்களில், பறந்தவர்களோடு தரையில் பணியாற்றியவர்களும் சேர்த்து, இறந்த ஏறக்குறைய 58,000 பேரின் பெயர்கள். அப்பா உயிரோடு திரும்பியவர், அவர் பெயர் அங்கே இருக்காது. நாங்கள் தேடியது அந்த வால் துப்பாக்கிக்காரரை. கண்டுபிடித்ததும் அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தார்.