தண்டர்பேர்டைப் புதுப்பித்தலும் மாற்றுத் தேடலும்

உலாவியிலேயே மின்னஞ்சலைப் படித்துவிடும் பழக்கம் எங்கும் பரவிவிட்ட பின்னும், கணினியில் நிறுவிக்கொள்ளும் அஞ்சல் மென்பொருளை விடாமல் பயன்படுத்துவோர் இன்னும் இருக்கிறோம். பல கணக்குகளின் அஞ்சல்களை ஓரிடத்தில் வைத்துக்கொள்ளவும், இணையம் இல்லாதபோதும் பழைய கடிதமொன்றைத் தேடி எடுக்கவும், ஒரு நிறுவனம் கணக்கை முடக்கிவிட்டாலும் அஞ்சல்கள் நம் கையிலேயே இருக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே அவ்வகையைச் சேர்ந்த தண்டர்பேர்டு மென்பொருளைப் புதுப்பிப்பதற்காகப் பல ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சியை மிகுந்த அக்கறையோடு கவனித்து வருகிறேன்.

தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. ஆனால் அதன் நிரல் அதற்கும் மூத்தது. நெட்ஸ்கேப் என்னும் பழைய உலாவியின் காலத்தில் வேர்கொண்ட, உலாவியும் அஞ்சலும் சேர்ந்த மொசில்லா தொகுப்பின் அஞ்சல் பகுதியே தனியாகப் பிரிக்கப்பட்டுத் தண்டர்பேர்டு ஆனது. அந்தக் காலத்தின் தடங்கள் இன்றும் நம் கணினியில் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கின்றன. ஒவ்வொரு அஞ்சல் கோப்புறைக்கும் பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அது மோர்க் என்னும் பழைய தரவு வடிவில் எழுதப்பட்ட அட்டவணை. நெட்ஸ்கேப்பின் தொடக்ககால அஞ்சல் நிரலை எழுதியவர்களுள் ஒருவரான ஜேமி ஜவின்ஸ்கியே மோர்க்கை மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஒரே உரையாடலின் அஞ்சல்கள் வெவ்வேறு கோப்புறைகளில் சிதறியிருந்தால் அவற்றை ஒன்றாகத் தொகுத்துக் காட்டுவதற்குத் தண்டர்பேர்டு இத்தனை காலம் திணறியதற்கு, கோப்புறைக்கு ஒன்றாக இப்படித் தனித்தனி அட்டவணைகளை வைத்திருந்ததும் ஒரு காரணம்.

அட்டவணை பழையதாக இருக்கலாம். அஞ்சல்களைச் சேமிக்கும் முறையை நான் அவ்வாறு குறை சொல்லமாட்டேன். தண்டர்பேர்டு இயல்பாகப் பயன்படுத்தும் எம்பாக்ஸ் முறையில், ஒரு கோப்புறையில் உள்ள அஞ்சல்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே உரைக்கோப்பில் எழுதப்படுகின்றன. இதில் தொல்லை உண்டு: ஓர் அஞ்சலை அழித்தால் அழிக்கப்பட்டது என்ற குறி மட்டுமே விழும், கோப்பைச் சுருக்கும்வரை அது வட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எனினும் அட்டவணை கெட்டுப்போனால் அதை நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம், அஞ்சல்களுக்குச் சேதம் வராது. தண்டர்பேர்டே ஒரு நாள் இல்லாமற்போனாலும் அந்தக் கோப்பை எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து பார்க்கலாம். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முன் திஸ்கி என்னும் பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் எழுதப்பட்ட தமிழ் மடல்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்: திரையில் எழுத்துகள் உருத்தெரியாமல் தோன்றினாலும், கோப்பில் அவை எழுதப்பட்டபடியே இருப்பதால் குறியாக்க மாற்றி ஒன்றைக் கொண்டு இன்றும் மீட்டுவிட முடிகிறது.

புதுப்பிப்பதில் உள்ள பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தண்டர்பேர்டு தனித்து நிற்கும் மென்பொருள் அன்று. மொசில்லாவின் உலாவியான ஃபயர்ஃபாக்ஸின் நிரலையே அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் கட்டப்பட்டது. கீழ்த்தளத்துக் குடும்பம் தூண்களை இடித்து மாற்றும்போதெல்லாம் மேல்தளத்தில் குடியிருப்பவர் ஓடிவந்து முட்டுக்கொடுக்க வேண்டிய நிலைதான் அது. 2017 நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 57, கூடுதல் வசதிகளுக்காகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான நீட்சிகளில் பழைய வகையைக் கைவிட்டது. ஸூல் என்னும் பழைய இடைமுக மொழியும் படிப்படியாக அகற்றப்பட்டது. தண்டர்பேர்டின் முகமோ முழுவதும் அந்த மொழியில் எழுதப்பட்டிருந்தது, அதன் புகழ்பெற்ற நீட்சிகளும் அதையே நம்பியிருந்தன. 2020 ஜூலையில் வந்த 78ஆம் பதிப்பு புதிய வகை நீட்சிகளை மட்டுமே ஏற்றுக்கொண்டபோது, பயனர்கள் ஆண்டுக்கணக்கில் பழகியிருந்த பல வசதிகள் ஒரே நாளில் மறைந்தன. அஞ்சல்களைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்ய எனிக்மெயில் நீட்சியை நம்பியிருந்தோருக்காக ஓப்பன் பிஜிபி என்னும் மறையாக்க வசதி மென்பொருளுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது நல்ல முடிவு; ஆனால் எல்லா நீட்சிகளுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை.

இத்தனை வேலையையும் செய்ய ஆள் வேண்டுமே. 2012 ஜூலையில், தண்டர்பேர்டில் புதிய வசதிகளை உருவாக்குவது இனித் தன் முதன்மைப் பணி அன்று என்று மொசில்லா அறிவித்தது; அதன்பின் பல ஆண்டுகள் தன்னார்வலர்களே அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 2015 இறுதியில் மொசில்லாவின் தலைவர் மிட்செல் பேக்கர், ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும் ஒன்றுக்கொன்று சுமையாக இருப்பதால் பிரிந்துபோவதே நல்லது என்ற கருத்தை முன்வைத்தார். அவ்வளவோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் எண்ணினர். முடியாமற்போனதற்குக் காரணம் பயனர்களின் நன்கொடை. 2020 ஜனவரியில் எம்இசட்எல்ஏ என்ற துணை நிறுவனம் தண்டர்பேர்டுக்கென்று அறிவிக்கப்பட்டது, 2022இல் மட்டும் நன்கொடையாக ஏறத்தாழ 64 லட்சம் டாலர் சேர்ந்தது. விளம்பரமும் இல்லாமல், பயனரின் தரவை விற்கவும் செய்யாமல், ஒரு கட்டற்ற மென்பொருள் இவ்வாறு எழுந்து நின்றதை நான் பெருமையாகவே கருதுகிறேன்.

சூப்பர்நோவா என்று பெயரிடப்பட்ட 115ஆம் பதிப்பு 2023 ஜூலையில் வந்தது. முகப்புத் தோற்றம் பெருமளவு மாற்றி எழுதப்பட்டது, அஞ்சல் பட்டியலை அட்டை வடிவில் காட்டும் வசதி சேர்ந்தது. பொத்தான்களின் இடம் மாறியதை ஏற்காத பலர் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டனர். அவர்களது வருத்தத்தை நான் மதிக்கிறேன். அன்றாடம் கை பழகிய கருவியின் அமைப்பை மாற்றுவது சிறிய செயல் அன்று. ஆயினும் உள்ளிருந்து நிரலை மாற்றாமல் வண்ணம் மட்டும் பூசியிருந்தால் இன்னும் சில ஆண்டுகளில் அதைத் தொடவே யாரும் துணிந்திருக்கமாட்டார்கள். பகுதி பகுதியாகப் பிரித்து எழுதும் இந்த மெதுவான வழியே சரியானது என்பது என் உறுதியான எண்ணம்.

அது பிடிக்காதவர்களுக்கு மாற்றுகள் இல்லாமல் இல்லை. தண்டர்பேர்டின் நிரலையே எடுத்துச் சில வழுக்களைத் திருத்தியும் வசதிகளைக் கூட்டியும் வெளிவரும் பெட்டர்பேர்டு, இருக்கும் அஞ்சல்களோடு இடம்பெயர மிக எளிது. ஆனால் மூலமான தண்டர்பேர்டு நின்றால் அதுவும் நிற்கும். லினக்ஸில் எவல்யூஷன் நெடுங்காலமாக உள்ளது, நாட்காட்டியும் முகவரிப் புத்தகமும் அதனுள்ளேயே உண்டு, உள்ளூர் அஞ்சல்களை ஒவ்வொன்றையும் தனிக்கோப்பாக வைக்கிறது. கிளாஸ் மெயில் பழைய கணினியிலும் விரைந்து இயங்கும். ஆனால் இன்றைய வண்ணமயமான வலைப்பக்க வடிவ (எச்டிஎம்எல்) அஞ்சல்களைக் காட்ட அதற்குத் தனிச்செருகல் வேண்டும். விண்டோஸோடு வந்த மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதற்குப் பதிலாகத் தரப்படும் புதிய அவுட்லுக்கில் பிற நிறுவனத்தின் கணக்கைச் சேர்த்தால் அஞ்சல்கள் மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேமிப்பகத்திலும் ஒத்திசைக்கப்படுகின்றன. கணினியில் தனியாக அஞ்சல் வைத்துக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு அதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

மாற்றைத் தேர்வதில் யூடோரா என்னும் பழைய அஞ்சல் மென்பொருளின் வரலாறு எனக்கு வழிகாட்டுகிறது. 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதி, பின்னர் குவால்காம் நிறுவனம் வளர்த்தெடுத்த அந்த மென்பொருளின் வணிகப் பதிப்புகள் 2006இல் நின்றன. தண்டர்பேர்டின் மேல் அதை மறுபடி கட்டும் முயற்சியும் நிலைக்கவில்லை. 2018இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதன் மூலநிரலை வெளியிட்டது. யூடோரா அஞ்சல்களை எம்பாக்ஸை ஒத்த வடிவில் வைத்திருந்ததால் பலரால் கடிதங்களை வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. அஞ்சல்களோடு வந்த இணைப்புக் கோப்புகளை மட்டும் பிரித்துத் தனி அடைவில் போட்டிருந்ததால் அவற்றைக் கடிதங்களோடு மறுபடி சேர்ப்பது பெரும்பாடாயிற்று. எனவே எந்த மென்பொருளைப் பரிசோதித்தாலும், இணைப்புள்ள சில அஞ்சல்களை அதிலிருந்து வெளியே எடுத்து இன்னொரு மென்பொருளில் திறந்து பார்த்த பிறகே அதன் தோற்றத்தையும் வேகத்தையும் பற்றி யோசிக்கிறேன். தண்டர்பேர்டு அந்தச் சோதனையில் தேறுகிறது, எவல்யூஷனும் தேறுகிறது. முதலாவதை அன்றாட வேலைக்கும் இரண்டாவதைக் காப்புப்படி சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கவும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.