முடி கொட்டியபோது யார் யாரிடம் போனேன்

சிங்கப்பூரில் முடி கொட்டுகிறது என்று ஒரு தமிழரிடம் சொல்லிப் பாருங்கள். "தண்ணி சரியில்லப்பா" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். ஊரிலிருந்து வேலைக்கு வந்த நாள் முதல் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பது தாண்டியதும் என் நெற்றி இரண்டு பக்கமும் உள்ளே ஏறி, உச்சியில் தோல் தெரிய ஆரம்பித்தது. அப்போதும் குளோரின்மேல்தான் பழி போட்டார்கள். குழாய்க்கு வடிகட்டி மாட்டச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு ஒன்றுதான் இடித்தது: அதே தண்ணீர்தானே பிடரியிலும் விழுகிறது, அங்கே மட்டும் ஏன் ஒரு குறையும் இல்லை?

முதலில் ஒரு பேரங்காடியில் இருந்த முடி பராமரிப்பு நிலையத்துக்குப் போனேன். 'இலவசப் பரிசோதனை' என்று எழுதியிருந்தது. தலையில் ஒரு கேமராவை வைத்து, தோலைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் யாருடைய தலையும் பயமாகத்தான் இருக்கும். வேர்த்துளைகள் அடைத்துக்கொண்டன, சுத்தம் செய்தால் வளரும் என்று சொல்லிப் பல ஆயிரம் வெள்ளிக்கு ஒரு பேக்கேஜை நீட்டினார்கள். இன்றே கட்டினால் பாதி விலையாம். பூசப்போகும் மருந்தின் பெயர் என்ன என்று கேட்டேன். மூலிகை என்றார்கள். என்ன மூலிகை என்பதற்குப் பதில் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பலதுறை மருந்தகம், அதாவது அரசு பாலிகிளினிக். அங்கே இருந்த டாக்டர் தலையைப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். கொத்தாக உதிர்கிறதா, மெல்ல மெலிகிறதா? சமீபத்தில் டெங்கி, கடும் காய்ச்சல் ஏதாவது வந்ததா? எடை குறைந்ததா? அப்பா, தாய்மாமா தலை எப்படி? காய்ச்சலோ பெரிய அதிர்ச்சியோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்க உதிர்வது வேறு வகை, அது பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும் என்றார். தைராய்டுக்கும் இரும்புச்சத்துக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், அது சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டிவிடும். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. தோல் நோய்களுக்கான நேஷனல் ஸ்கின் சென்டருக்குக் கடிதம் கொடுத்தார். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இப்படிப் பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் ஆலோசனைக் கட்டணத்தில் மானியம் கிடைக்கும். நேராகப் போனால் கிடைக்காது. காத்திருக்கத்தான் வேண்டும்.

அங்கே இருந்த நிபுணரும் உருப்பெருக்கியால்தான் பார்த்தார், ஆனால் பார்த்தது வேறு. உச்சியில் தடித்த முடியும் பூனைமுடியும் கலந்திருந்தன. பிடரியில் எல்லாம் ஒரே தடிமன். ஆண்களுக்கு வரும் மரபுவழி வழுக்கையின் அடையாளமே அதுதானாம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஎச்டி என்ற ஹார்மோனாக மாற்றுகிறது. பிறவியிலேயே அதற்கு மசியும் மயிர்க்கால்கள், முடி வளர்ந்து உதிரும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத முடியைத்தான் விடுகின்றன. துளை அடைப்பதும் இல்லை, தண்ணீரும் காரணம் இல்லை. தாய்மாமாவைப் பார்த்தால் போதும் என்பதும் பாதிதான் உண்மை, இரண்டு பக்கத்து மரபணுக்களுக்கும் பங்கு உண்டு. வழுக்கை எவ்வளவு என்று சொல்லும், ஏழு படிகள் உள்ள நார்வுட் அளவில் நான் மூன்றாவது படி.

மருந்து என்று பார்த்தால் நன்றாக நிரூபிக்கப்பட்டவை இரண்டுதான். மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர, தலையில் பூசும் மருந்தாக மாறி 1988இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. ஃபினாஸ்டரைட் கதை இன்னும் சுவாரசியம். டொமினிகன் குடியரசில் அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருந்த சில குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, அந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியும் வீங்கவில்லை. அதை வைத்துத்தான் நொதியைத் தடுக்கும் மருந்தைத் தேடினார்கள். 1992இல் பிராஸ்டேட்டுக்கு 5 மில்லிகிராம், 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எங்கள் வீட்டில் நிறைய பேச்சு நடந்தது இந்த மாத்திரையைப் பற்றித்தான். சிலருக்கு ஆசை குறையலாம், விறைப்பில் சிக்கல் வரலாம், மனச்சோர்வும் வரலாம். பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை, ஆனால் அந்தச் சிலரில் நானும் ஒருவனாக இருக்கலாமே. அப்போது நாங்கள் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்தோம். சிலருக்கு விந்தணு எண்ணிக்கையும் குறையலாம் என்று டாக்டர் சொன்னதும் மனைவி, "மொதல்ல புள்ள, அப்புறம் முடி" என்று முடித்துவிட்டாள். டாக்டரும் அதுதான் சரி என்றார். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்பது அன்றுதான் தெரிந்தது. இதைச் சாப்பிடுபவர் பின்னாளில் பிராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தால் அளவு பாதியாகக் காட்டும், ரத்த தானம் செய்யப் போனால் இந்த மருந்தைச் சொல்லிவிட வேண்டும். இவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அதனால் 5 சதவீத மினாக்ஸிடில் மட்டும், காலையிலும் இரவிலும் ஒரு மில்லி. ஆரம்ப வாரங்களில் முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால்தான் நிறுத்தவில்லை. இங்கே உள்ள புழுக்கத்தில் தலை பிசுபிசுப்பது பெரிய தொல்லை. நுரை வகைக்கு மாறியதும் பரவாயில்லை. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், இது பூனைக்கு விஷம்.

முடி மாற்று சிகிச்சை பற்றியும் கேட்டேன். பிடரியிலிருந்து எடுத்து நடும் முடி அதன் குணத்தோடு நிலைக்கும், ஆனால் எடுப்பதற்கு அங்கே இருப்பது அளவானது. சுற்றியுள்ள பழைய முடி கொட்டிக்கொண்டேதான் இருக்கும், அதற்கு மருந்தும் தொடர வேண்டும். சென்னைக்குப் போய்ச் செய்துகொண்ட ஒரு நண்பர் மருந்தை நிறுத்திவிட்டார். இப்போது நட்ட முடி முன்னால் தீவு போல நிற்கிறது, பின்னால் வெறும் தோல். எனக்கு இந்த வயதில் அவசரம் வேண்டாம் என்றார் டாக்டர்.

ஆறு மாதத்துக்குப் பிறகு பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். உச்சி ஓரளவு மூடியிருந்தது, நெற்றி அப்படியேதான். கொட்டாமல் நின்றதே லாபம் என்று எடுத்துக்கொண்டேன். பூசுவதை விட்டால் சில மாதங்களில் வந்ததெல்லாம் போய்விடும், செலவு மாதாமாதம் என் பையிலிருந்துதான்.

தஞ்சாவூரில் அம்மாவுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. தான் அனுப்பிய கரிசலாங்கண்ணித் தைலத்தால்தான் வளர்ந்தது என்று நம்புகிறார். போதாததற்கு, முடி வளர்ந்தால் எனக்குப் பழனியில் மொட்டை போடுவதாக வேறு வேண்டிக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் தயங்கித்தான் கேட்டேன். சிரித்துவிட்டு, வேர் தோலுக்கு அடியில்தானே இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள், கத்தி பட்ட கீறல் ஆறும்வரை மட்டும் மருந்து பூசாதீர்கள் என்றார். தை மாதத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று.