சீர்ப் பாத்திரங்களும் இரண்டு அறை வீடும்

கணவர் பணி ஓய்வு பெற்றதும், வீரவநல்லூர் வீட்டை விட்டுப் பாளையங்கோட்டை மகாராஜ நகரில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டுக்குக் குடிபோவது என்று முடிவு செய்தோம். பொருளைக் குறைத்து வாழும் ஆசை எனக்கு வெகுகாலமாக உண்டு. ஆனால் தலைக்கு மேலே மச்சு என்று ஒன்று இருக்கும்வரை எதையும் கழிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் வருவதில்லை.

அறை அறையாக ஒழிக்கச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு அது ஒத்துவராது என்பதே என் கருத்து. ஒரே வகைப் பொருள் அடுக்களையிலும் மச்சிலும் கட்டிலடியிலும் பிரிந்து கிடப்பதால், மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். ஆகவே பாத்திரம் அனைத்தையும் பட்டாசல் என்கிற கூடத்தில் இறக்கிப் பரப்பினேன். நடக்க வழியில்லை. கல்யாணச் சீர், தலைப்பொங்கல் சீர், காதுகுத்து, பால்காய்ப்பு என்று வந்து சேர்ந்த அண்டாக்கள், தாம்பாளங்கள், பித்தளைக் குத்துப்போணிகள். பலவற்றின் விளிம்பில் கொடுத்தவரின் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தன. தூக்கிப் போடுவதைவிட, அது உண்மையில் யாருடைய பொருள் என்று தீர்மானிப்பதுதான் கடினம் என்பது அங்கேதான் விளங்கியது. மாமியார் பெயர் வெட்டிய பாத்திரத்தை நான் மட்டும் முடிவு செய்து விற்றுவிட முடியாது. எனவே விற்பதற்கு முன்பே நாத்தனார்கள் அனைவருக்கும் படம் எடுத்து அனுப்பினேன். "மதினி, அந்த வெங்கல உருளிய மட்டும் எடைக்குப் போட்டுராதிய" என்று இளைய நாத்தனார் உடனே கூப்பிட்டாள். மற்றவற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பழைய பாத்திரத்தை விற்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்துக்கு, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையைவிட விலை அதிகம் என்பதால், இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தராசில் ஏற்றக் கூடாது. பற்றவைத்த இடங்களுக்குக் கழிவு பிடிப்பார்கள். எவர்சில்வருக்குக் கிடைப்பது சொற்பம். புதுப் பாத்திரம் எடுத்துக்கொண்டால் கூடுதல் விலை தருவதாகக் கடைக்காரர் ஆசை காட்டினார். அதற்கு இசைந்திருந்தால் மச்சு மறுபடியும் நிறைந்திருக்கும் என்பதால், குறைந்தாலும் பணமாகவே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பெயர்களைச் சேர்த்து நெய்து தந்த பத்தமடைப் பட்டுப்பாய் மச்சில் சுருட்டியபடியே இருந்தது. தாமிரபரணிக் கரைக் கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, நூல்போலக் கிழித்து நெய்கிற வேலை அது. விரித்துப் பார்த்தபோது ஓர் ஓரத்தை எலி கடித்திருந்தது, பெயர்கள் தப்பியிருந்தன. வேறு எவருக்கும் பயன்படாத அதை வைத்துக்கொண்டேன்.

துணிமணி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். பாபநாசத்தில் பரிகாரம் என்ற பெயரில் ஆற்றில் விடப்படும் துணிகள் படித்துறையில் சிக்கி அழுகிக் கிடப்பதைப் பார்த்தவள் என்பதால், பழந்துணியை ஆற்றோடு விடும் யோசனையை ஏற்கவில்லை. மாவட்ட நிர்வாகம் பாளையங்கோட்டையில் ஏற்படுத்திய அன்புச் சுவரைப் போல, தேவைப்படுவோர் எடுத்துச் செல்லும் இடங்களுக்குத் துவைத்து மடித்த துணியை மட்டுமே தர வேண்டும். கிழிந்தவை எங்கள் வீட்டிலேயே கரித்துணியாயின.

காகிதங்களை ஒரே மாலையில் முடித்தேன். 1975 முதலான வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம் என்பதால் பழைய நகல்களைக் கிழித்துப் போட்டேன். மூலப்பத்திரத்தை மட்டும் உறையிட்டுப் பத்திரப்படுத்தினேன்.

வெளியே போனதைவிட உள்ளே வருவதை நிறுத்துவதே பெரும்பாடு. பொங்கல்படியாக இனி அரிசி, வெல்லம், கரும்பு, பனங்கிழங்கு போதும், பாத்திரம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். வெறுங்கையோடு வருவதா என்று முகம் சுளித்தவர், இந்தத் தைக்குச் சொன்னபடி பனங்கிழங்குதான் கொண்டுவந்தார், ஒரு புது எவர்சில்வர் வாளி நிறைய. கிழங்கு தீர்ந்ததும் வாளியைத் திருப்பிக் கொடுத்தால் அவர் கோபித்துக்கொள்வார் என்பதால், அதை எங்கே தள்ளிவிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.