டக்போட்டில் ரிசீவர் மாற்றிய வேலை

மாமா முன்பு கட்டிய டக்போட், அதாவது கப்பல் இழுக்கும் படகின் ரிமோட் மாடல், இப்போது செந்தூலில் என் வீட்டு மேசைமேல் இருக்கிறது. ஃபைபர்கிளாஸ் உடல், பிளாஸ்டிக் தகட்டில் செய்த மேலறை, ஓரம் முழுக்கப் பித்தளைக் கைப்பிடிக் கம்பி. உள்ளே ரிமோட்டின் அலையை வாங்கும் ரிசீவராக இருந்தது பழைய 40 மெகாஹெர்ட்ஸ் செட். அதன் ஏரியல் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஒயர். கொடிமரத்தோடு சேர்த்து மேலே இழுத்துக் கட்டியிருந்தார். அதை எடுத்துவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் போட்டேன்.

பழைய ஒயரை நறுக்கக் கூடாது, சுருட்டக் கூடாது, அவ்வளவுதான். புது ஏரியல் குட்டியாக இருப்பதால் எந்த மூலையிலும் செருகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். படகுக்கு அது சரிவராது. இந்த அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சிவிடும். அடியில் பேட்டரிக்குப் பக்கத்தில் ரிசீவரை வைத்தால் ஏரியலும் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். கரையோரம் ஒழுங்காக ஓடும், தூரம் போனதும் பேச்சுக் கேட்காது.

அதனால் முதலில் பேட்டரியோடு படகைத் தொட்டியில் மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். மோட்டார், ஸ்பீட் கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் கோட்டுக்குக் கீழே. ரிசீவருக்கு மேல்தளத்தை ஒட்டி ஒரு சின்னத் தட்டு, ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டையோடு.

ஏரியல்தான் நேரம் எடுத்தது. சாம்பல் நிறக் கேபிளின் நுனியில் உறை நீக்கிய 31 மில்லிமீட்டர்தான் அலையைப் பிடிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு அது. மீதிக் கேபிள் வெறும் வழி, எப்படி வளைந்து போனாலும் பரவாயில்லை. நுனி மட்டும் நேராகவும் உயரமாகவும் நிற்க வேண்டும். பேட்டரி மாற்ற மேலறையைக் கழற்றியாக வேண்டுமே! அதனால் ஏரியலை அறையில் ஒட்டாமல், தளத்தில் ஒரு பிளாஸ்டிக் தூணை நட்டு, ரிசீவரின் இரண்டு ஏரியல் நுனிகளுக்கும் மெல்லிய குழாய் இரண்டை அதில் ஒட்டினேன். ஒன்று செங்குத்தாக, மற்றது படுக்கையாக. படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டில் ஒன்றாவது அலையைப் பிடிக்கும். அறை தூணின்மேல் தொப்பி மாதிரி உட்காருகிறது. பிளாஸ்டிக் சுவர் அலையைத் தடுக்காது. பித்தளைக் கம்பி தடுக்கும் என்பதால் அதிலிருந்து தள்ளியே வைத்தேன்.

மோட்டார் பழைய பிரஷ் வகை, தீப்பொறியால் ரேடியோ இரைச்சல் கிளப்பும். அதை அடக்க, ஜாலான் பாசார் கடையில் 104 என்று அச்சடித்த கெப்பாசிட்டர் மூன்று வாங்கி, ஒன்றை இரு முனைகளுக்கு நடுவிலும், மற்ற இரண்டை ஒவ்வொரு முனையிலிருந்து மோட்டார் கூட்டுக்கும் பற்றவைத்தேன். கூட்டை உப்புத்தாளால் தேய்க்காமல் ஈயம் பிடிக்காது.

அப்புறம் ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். படகை ஸ்டாண்டில் வைத்து, புரொப்பெல்லர் சுழலும்போதே ரிமோட்டை அணைத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எந்தப் படகையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

தித்திவங்சா ஏரிக்கரையில், ரிமோட்டின் சக்தியைக் குறைக்கும் சோதனை முறையில், தம்பி படகைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொள்ள நான் பின்னால் நடந்தேன். “அண்ணே, இன்னும் திரும்புது!” என்று கத்திக்கொண்டே இருந்தான். ரிமோட் ஏரியலின் நுனியைப் படகை நோக்கி நீட்டினால் மட்டும் சுக்கான் தயங்கியது. நுனித் திசையில் அலை மிகக் குறைவு. பக்கவாட்டில் மடக்கிப் பிடித்ததும் சரியானது.

ரிசீவரைப் பலூனுக்குள் போட்டுக் கட்டுவோர் உண்டு. கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் உள்ளேயே ஈரம் கோக்கும் என்பதால் நான் திறந்தே வைத்திருக்கிறேன். ஓட்டி முடித்ததும் மேலறையைக் கழற்றிக் காயவிடுகிறேன்.

மாமா அடுத்து தன் பாய்மரப் படகையும் தருகிறார். அதன் பாய்க்கம்பம் கார்பன் ஃபைபர், அலையை மறைக்கும். அதில் இரண்டு ஏரியல் நுனிகளையும் கம்பத்துக்கு இருபுறமும் பிரித்து வைக்கப் போகிறேன்.