மணக்குடிப் பொழியில் நங்கூர அலாரம்: வட்டம் ஒருவழியாகச் சரியாக விழுந்தது

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் பொழியில் (கழிமுகத்தில்), மணக்குடிப் பாலத்தைத் தாண்டி ஆற்றின் உள்பக்கம் நங்கூரம் போட்ட வள்ளம், ஏத்தத்துக்கு (கடல்நீர் ஏறும்போது) ஒரு பக்கமும் வத்தத்துக்கு (வடியும்போது) மறுபக்கமும் திரும்பியது. குறித்த மையப்புள்ளியைச் சுற்றிய வட்டத்தை வள்ளம் தாண்டினால் கத்தும் போன் செயலியின் அலாரம், ஒருமுறைகூட வீணாகக் கத்தவில்லை. செயலி பழையதுதான். மாறியது, மையப்புள்ளியைக் குறிக்கும் நேரம் மட்டுமே.

வள்ளம் நின்ற பிறகு பொத்தானை அமுக்கச் சொல்கிறது செயலி. பொழியில் அது சரிப்படாது. கணக்கைப் பாருங்கள்: ஆழம் 2 மீட்டர், தண்ணீருக்கு மேல் அணியத்தின் (வள்ளத்தின் முன்முனை) உயரம் அரை மீட்டர். இந்த 2.5 மீட்டருக்கு ஐந்து மடங்கு கயிறு என்றால் 12.5 மீட்டர். அது இழுபட்டு நிற்கும்போது அணியம் நங்கூரத்திலிருந்து 12 மீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும். போன் பின்பக்கம் இருந்தால் இன்னும் 4 மீட்டர், ஆக 16. நின்ற இடத்தையே மையமாக வைத்துவிட்டால், ஓட்டம் திரும்பி வள்ளம் எதிர்ப்பக்கம் போகும்போது செயலி 32 மீட்டர் நகர்ந்ததாகக் காட்டும். நங்கூரம் அசைந்தே இருக்காது, அலாரம் அலறும். தொல்லை தாங்காமல் வட்டத்தை 40 மீட்டராக்குகிறவர்கள் உண்டு. அது ஆபத்து. உண்மையிலேயே நங்கூரம் இழுபட்டால், அலாரம் அடிக்குமுன் வள்ளம் பாலத்தூணில் போய் மோதும்.

அதனால், போனோடு அணியத்தில் நின்று, நங்கூரம் தரையைத் தொட்டுக் கயிறு தளரும் அந்தக் கணத்தில் அமுக்க வேண்டும். 16 மீட்டரோடு ஜிபிஎஸ் பிழை 5 மீட்டரைச் சேர்த்து வட்டம் 21 அல்லது 22 மீட்டர் போதும். செயலியை முன்கூட்டியே திறந்து, துல்லியம் 5 மீட்டருக்குள் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரையோரத் தென்னைகளுக்கு அடியில் புள்ளி அலைந்துகொண்டே இருக்கும். ஈரக் கையை திரை ஏற்காது, துடைக்கத் துணி வேண்டும். இருப்பிட அனுமதி ‘எப்போதும்’ என்று இருக்கட்டும். பேட்டரி சேமிப்பிலிருந்தும் செயலியை விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் திரை அணைந்த சற்று நேரத்தில் ஆண்ட்ராய்டே அலாரத்தை நிறுத்திவிடக்கூடும்.

இங்கே அடியில் சேறு. நாலு கொம்பு நங்கூரம் பாறையில் மாட்டும், சேற்றில் உழுதுகொண்டே வரும். தட்டையான இரட்டை அலகு நங்கூரம்தான் புதைந்து பிடிக்கிறது. அதோடு 8 மில்லி சங்கிலி 3 மீட்டர், எடை 4 கிலோ சொச்சம். துறைமுகப் பக்கத்துக் கடைகளில் கறுப்புச் சங்கிலியை மலிவாகத் தருவார்கள். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருவேறும். துத்தநாகம் பூசியதைக் கேட்டு வாங்குங்கள். கயிறு நைலான், 10 மில்லி. பிளாஸ்டிக் கயிறு மிதந்து எஞ்சின் விசிறியில் சுற்றும்.

வரைபடத்தில் பொழிமுகம் எப்போதும் திறந்தே கிடக்கிறது. நேரிலோ மணல்திட்டு அடைத்து நிற்கும் காலமும் உண்டு. அடைத்துவிட்டால் ஏத்தமும் வத்தமும் கிடையாது, ஆற்றுத் தண்ணீர் தேங்கி மட்டம் ஏறும். ஆகவே ஆழம் அளந்து வரைபடத்தில் சேமிக்கும் ஒவ்வொரு புள்ளியோடும் தேதி, நேரம், பொழி திறந்ததா அடைத்ததா, பாலத்தூணில் தண்ணீர் எந்தக் குறியில் நின்றது என்பதெல்லாம் வேண்டும். இவை இல்லாமல் வெறும் ‘1.4 மீட்டர்’ என்று எழுதி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. மேற்கு ஓரத்துப் புள்ளிகள் இன்னும் பாக்கி கிடக்கின்றன.

அதற்குள் தேங்காய்ப்பட்டணம் பக்கம் மனம் போய்விட்டது. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை வழியாக வந்து கடலில் விழும் இடம் அது. பேச்சிப்பாறை அணையிலோ பெருஞ்சாணி அணையிலோ மறுகால் (உபரிநீர் மதகு) திறந்தால், ஏத்த நேரத்திலும் ஓட்டம் கடலை நோக்கி இழுக்கக்கூடும். செயலிக்கு அந்தச் செய்தி வராது. அணை நிலவரத்தைத் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அங்கே கயிறு ஏழு மடங்கு விடுவதாகத் திட்டம், வட்டமும் அதற்கேற்பப் பெரிதாகும். அகலம் குறைந்த இடத்தில் பின்பக்கம் இரண்டாவது நங்கூரம் போட்டு வள்ளத்தைத் திரும்பவிடாமல் கட்ட வேண்டும். அப்போது மையக் கணக்கே வேறு.