கடல்நீர்த் தொட்டிக்குப் புது ஸ்டாண்டு

முதலில் கண்ணில் பட்டது நீர்மட்டம்தான். தொட்டியின் இடது ஓரத்தில் தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வலது ஓரத்தில் ஒன்றரை விரல்கூட இல்லை. குனிந்து பார்த்தேன். இரும்பு ஸ்டாண்டின் வலப்பக்கப் பின்காலில் உப்புப் பூத்திருந்தது. நகத்தால் கீறியதும் துரு பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது.

தண்டையார்பேட்டையின் கடற்காற்று ஜன்னல் கம்பியையே அரித்துவிடும். தொட்டியிலிருந்து தெறிக்கும் உப்புநீரும் சேர்ந்தால் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணீர் 220 லிட்டர், கண்ணாடி 50 கிலோ, பாறையும் மணலுமாக இன்னொரு 60 கிலோ. இத்தனை பாரமும் அந்தக் காலை நம்பி நின்றது. உள்ளே ஐந்து வருடமாக என்னோடு வாழும் ஒரு ஜோடி கோமாளி மீன்கள், அவை குடியிருக்கும் அனிமோன் என்ற பூப்போல விரியும் கடல் உயிரி, கொஞ்சம் பவளங்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஆசாரியிடம் சொல்லி மரச் சட்டமும் மேலே 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டும் வைத்துப் புது ஸ்டாண்டு செய்துகொண்டேன். தொட்டியை அதற்கு மாற்ற நாள் குறித்தது மார்கழி ஞாயிறு. சித்திரை வெயிலில், மீன்களைத் தற்காலிகமாக வைக்கும் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் விறுவிறுவென்று சூடேறிவிடும். மார்கழியில் அந்தப் பயம் இல்லை.

அதற்குமுன் கொளத்தூர் போய், பல வருடமாக வளர்ப்புக் கடல்மீன் விற்கும் ஒரு பெரியவரிடம் யோசனை கேட்டேன். "மீனைப் பிடித்துவிடலாம் தம்பி. மணலைத்தான் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும்" என்றார். வருடக்கணக்கில் கிளறாத மணலின் அடியில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உருவாகும். கிளறினால் அதுவும் தேங்கிய கழிவும் ஒரேயடியாக நீரில் கலந்துவிடும். வீட்டுக்கு வந்து முன்கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மணலுக்குள் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. பழைய மணல் ஒரு கைப்பிடிகூடத் திரும்பப் போவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன்.

முந்தைய நாளே ஆர்.ஓ. தண்ணீரில் 60 லிட்டர் உப்புநீர் கலக்கி, பம்பு போட்டு ஓடவிட்டேன். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் உப்புப் பிடித்தது, ஒப்படர்த்தி 1.025. சோப்பு படாத புதுப் பிளாஸ்டிக் குடங்கள் பத்து, மூடியுள்ள தெர்மகோல் பெட்டிகள் மூன்று, மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரி காற்றுப் பம்புகள் இரண்டு. பம்புக்கு மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள்.

காலை ஆறு மணிக்கு எல்லா மின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, மேலிருந்து தெளிந்த நீரைக் குழாய் வைத்து இறக்கினோம். குழாயின் வாய் மணல் பக்கமே போகாமல் என் மனைவி பிடித்துக்கொண்டார். பெட்டிகளில் ஊற்றியதையும் சேர்த்து 160 லிட்டர் பழைய நீர் மிஞ்சியது. அடுத்து பாறைகள். நன்மை செய்யும் பாக்டீரியாக்களில் பெரும்பங்கு அவற்றில்தான் வாழ்கின்றன. ஆகவே ஒன்றுகூட உலராமல் நேரே பழைய நீருக்குள் போயின. வடிகட்டிப் பஞ்சும் அப்படித்தான். ஜோவாந்தஸ் ஒட்டிய பாறைக்குக் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். அந்த வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு.

அனிமோனை நான் பிய்க்கவில்லை. அதன் பாதம் பற்றியிருந்த பாறையோடு சேர்த்துத் தூக்கினேன். நீரை விட்டு மேலே வந்ததும் உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் வடிந்து, கையளவு பூ எலுமிச்சை அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெண் மீன் பாறையின் பின்னாலேயே மேற்பரப்பு வரை வந்தது. பாறைகள் போய் நீர் ஒரு சாணுக்கு இறங்கியதும் இரண்டு மீன்களும் ஒரே வீச்சில் வலையில் வந்துவிட்டன.

கடைசியாக மணல். முதல் முறத்தை அள்ளியதுமே அழுகிய முட்டை நாற்றம் கூடத்தை நிறைத்தது. அந்த நீர் மீன்களின் மேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்கியது.

காலித் தொட்டியை என் மச்சானும் எதிர்வீட்டுத் தம்பிகள் இருவரும் நானுமாக அடியில் கைகொடுத்துத் தூக்கினோம். விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கொஞ்சம் நீரோடு தூக்கினாலும் அடிக்கண்ணாடியின் சிலிக்கான் இணைப்பு விட்டுப்போகலாம். புது ஸ்டாண்டில் ரசமட்டம் வைத்தபோது குமிழி நடுவில் நிற்கவில்லை. தரை வடிகால் பக்கம் சாய்ந்திருந்தது. "தொட்டிக்கு அடியில் எதையும் செருகாதீர்கள் சார், ஸ்டாண்டின் காலுக்குச் சக்கை வைக்கலாம்" என்றார் ஆசாரி. அதற்கே அரைமணி நேரம் ஆனது. குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் தெர்மகோல் தகடு விரித்துத் தொட்டியை இறக்கினோம்.

பிறகு கழுவிய புது மணல், பாறைகள், பழைய நீர், கடைசியில் புது உப்புநீர். தட்டு வைத்து அதன்மேல் ஊற்றியதால் கலங்கல் குறைவு. மாலை நான்கு மணிக்கு மீன்களை விட்டேன்.

மறுநாள் சோதனையில், மீன்களுக்கு நஞ்சான அம்மோனியா 0.25 பிபிஎம். வயிறு கலங்கியது. உடனே ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினேன், தீவனத்தையும் நிறுத்தினேன். நான்காம் நாள் பூஜ்யம். அனிமோன் இரண்டு நாள் சுருண்டே கிடந்தது. மூன்றாம் நாள் காலை விளக்குப் போடும்முன்பே விரிந்திருந்தது, ஆண் மீன் அதற்குள் படுத்திருந்தது.

புது மணலில் இப்போது பழுப்புப் படலம் படர்ந்திருக்கிறது, டயாட்டம் பாசி. அதை நான் தொடவில்லை; நத்தைகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன.